மேலே இருந்து அடித்த மணி

முதல் தடவை அந்த மணி அடித்தபோது நான் லேபில் ஒயர் மாட்டும் நயினார் அண்ணனைத் திட்டினேன். டெஸ்ட் ஓடும்போது பேனலைத் தொடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருப்பது அழகுக்கா என்று கேட்டேன். கம்பெனி பஸ்ஸில் குன்றத்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்த கடுப்பும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். ஒன்றில் டீ கிளாஸ், இன்னொன்றில் பாதி கடித்த வடை.

"நான் தொடல மேடம்," என்றார்.

வடையோடு நிற்கிற மனிதரைப் போய்த் திட்டிவிட்டோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் பேனலின் உச்சியில் இருந்த அந்தச் சின்ன மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸில் டீ தளும்பி விரலில் வழிந்தது. அது சூடாக இருந்திருக்க வேண்டும், அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

ஒரகடத்தில் எங்கள் லேபில் நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இயந்திரத்தை ஏமாற்றுவது. காற்றாலையின் கண்ட்ரோல் பேனல் நிஜம். மற்றதெல்லாம் பொய். காற்று வீசுகிறது, இறக்கை சுற்றுகிறது, வெளியே மின்கட்டமைப்பு உயிரோடு இருக்கிறது என்று எங்கள் சிமுலேட்டர் அதற்குக் கம்பி வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேனலும் நம்பி, தான் இன்னும் கோபுரத்தடியில்தான் இருக்கிறோம் என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு லைனில் மரம் விழுந்து வோல்டேஜ் கண்ணிமைக்கும் நேரம் சரிந்தால், காற்றாலைகள் பயந்துபோய் மொத்தமாகக் கழன்றுகொள்ளுமா, தாக்குப்பிடித்து நிற்குமா? அதை நிஜ லைனில் சோதித்துப் பார்க்க முடியாது. பார்த்தால் நான்கு மாவட்டம் இருட்டில் உட்காரும். அதனால் இங்கே ஏசி ரூமில் வைத்துப் பார்க்கிறோம்.

இதில் ஒரு தொல்லை. பேனல் நிஜம் என்பதால் நேரமும் நிஜமாகத்தான் ஓட வேண்டும். ஒரு மணி நேரக் காற்றை ஓட்டினால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஓட்டித் தள்ள முடியாது, தாண்டிப் போகவும் முடியாது. பொறுமையில்லாத எனக்கு இந்த வேலையைக் கொடுத்த கடவுளுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

பேனல் தென்காசிப் பக்கத்து ஒரு கோபுரத்திலிருந்து லாரியில் வந்திருந்தது. பழைய மாடல். அதே மாதிரி அங்கே இன்னும் நிறையக் கோபுரங்கள் ஓடுவதால்தான் இந்த ஆராய்ச்சி. கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. உள்ளே ஒரு மூலையில் குளவி கட்டிய மண்கூடு. மணிக்குப் போகும் ஒயரைக்கூட அறுக்காமல் சுருட்டிப் பின்னால் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபுர உச்சியில் வேலை செய்கிறவர், கீழே பேனலடியில் நிற்கிறவரைக் கூப்பிடுவதற்கு அது. மேலே காற்றின் இரைச்சலில் வாக்கி-டாக்கி பாதி நேரம் காதில் விழாது, கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது போனையும் எடுக்க முடியாது. மேலே ஒரு பித்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும். ஒரு அடி என்றால் நிறுத்து. இரண்டு அடி என்றால் பிரேக்கை விடு. எந்தக் கையேட்டிலும் இது இல்லை. சர்வீஸ் ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பழக்கம்.

அன்று மணி இரண்டு முறை அடித்திருந்தது.

மத்தியானம் லேப் பொறுப்பாளர் பகலவன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இசைவாணி, நயினாரை இந்த டெஸ்ட்ல போட்டிருக்கக் கூடாது," என்றார்.

"ஏன் சார்?"

"அந்தப் பேனல் நாகப்பன் செத்த கோபுரத்தோடது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனிதனின் உயிர் போன இடத்துப் பெட்டியைக் கொண்டுவந்து, அன்றைக்கு அதன் முன்னால் நின்றவரிடமே கொடுத்து ஒயர் மாட்டச் சொல்லியிருக்கிறோம். "அந்தக் கோபுரந்தான் ஓடாம நின்னுச்சு, அதான் கழட்ட முடிஞ்சது. எனக்குத் தோணவே இல்ல," என்றார். தோன்றியிருக்காதுதான். அவருக்குப் பேனல் என்றால் நம்பர்.

நாகப்பன் இங்கே பக்கத்து மண்ணூர்க்காரர். எங்கள் கம்பெனி சர்வீஸ் ஆளாகத் தெற்கே போனவர். சம்பவத்தன்று மேலே கியர்பாக்ஸுக்குப் பின்னால் மூடிக்குள் இருக்கும் சுழல்தட்டில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடித்ததும் மறுபக்கம் பார்க்கத் தட்டைக் கொஞ்சம் சுற்ற வேண்டும். அவர் வெளியே வந்து பித்தானை இரண்டு முறை அமுக்குவார், கீழே நயினார் அண்ணன் சாவியைத் திருப்பிப் பிரேக்கை விடுவார், தட்டு மெல்ல நகரும். அப்படித்தான் எத்தனையோ கோபுரத்தில் செய்திருக்கிறார்கள். அன்றும் மணி இரண்டு அடித்தது, சாவியைத் திருப்பினேன் என்றார் நயினார் அண்ணன். நாகப்பன் அப்போது வெளியே வரவில்லை. பாதி உடம்பு உள்ளே இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் மேலே ஏறிப் பார்த்தார்கள். நாகப்பன் கிடந்த இடத்திலிருந்து பித்தானுக்குக் கை எட்டவே எட்டாது. பித்தானை அமுக்கிப் பார்த்தார்கள், மணி ஒழுங்காக அடித்தது. ஆகவே அன்று மணி அடித்திருக்க வழியில்லை. அவசரப்பட்டுத் திருப்பிவிட்டுப் பொய் சொல்கிறான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'கவனக்குறைவு' என்று மரியாதையாக முடித்தார்கள். அதன் பிறகு நயினார் அண்ணன் கோபுரம் ஏறவில்லை. இங்கே லேபுக்கு மாற்றிவிட்டார்கள்.

நாகப்பனின் மனைவி செங்கமலம் அக்காவுக்கும் கம்பெனி இங்கேயே வேலை கொடுத்திருந்தது, பக்கத்து ஷெட்டில் ஒயரிங் லைனில். கேன்டீனில் நயினார் அண்ணன் தட்டோடு எந்த மேசைக்கு வந்தாலும் அக்கா அந்த மேசையை விட்டு எழுந்துவிடும். பாதிச் சோறு மிச்சம் இருந்தாலும் எழுந்துவிடும். பார்த்துப் பார்த்து அவர் கடைசியில் கேன்டீனுக்கு வருவதையே விட்டுவிட்டார். டீயும் வடையுமாக லேப் வாசலிலேயே முடித்துக்கொள்வார்.

மணி மறுபடியும் அடித்தது. அடுத்த நாளும் அடித்தது. எப்போதும் இரண்டு.

சுருட்டிக் கட்டிய அந்த ஒயரை நான் பிரித்துத் தரையில் நீளமாகப் போட்டேன். முனையில் ஒன்றுமில்லை. பித்தான் தென்காசிப் பக்கத்தில் அந்தக் கோபுர உச்சியிலேயே இருக்கிறது. வெறும் ஒயர் முனையை முறைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கண் முன்னாலேயே, யாரும் தொடாமல், மணி இரண்டு முறை அடித்தது. என் கை மயிரெல்லாம் நின்றது. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறவள் நான். அன்றிலிருந்து லேபில் தனியாக இருக்க நேர்ந்தால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பகலவன் சார், இஞ்சினியரிங் படித்து வெளிநாட்டில் பயிற்சியும் எடுத்த மனிதர், பேனல் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். "சும்மா இருக்கட்டும்," என்றார். நானும் எடுக்கவில்லை.

நயினார் அண்ணன் மட்டும் மாறிப்போனார். டெஸ்ட் ஓட ஆரம்பித்ததும் பேனல் முன்னால் போய் நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். மணி அடித்ததும் தலையை லேசாக ஆட்டுவார், கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வது போல. சாவியைத் தொடமாட்டார்.

"அவன் கூப்பிடுதான் மேடம்," என்றார் ஒருநாள்.

"அண்ணே, சும்மா இருங்க."

"நான் பொய் சொல்லுதேன்னு எல்லாரும் நினைச்சாவ. அவன் பொண்டாட்டியும் நினைக்கா. இப்ப உங்க காதாலயே கேக்கியள்லா? அவன் கூப்பிட்டான், நான் திருப்பினேன். என்ன நினைச்சுக் கூப்பிட்டானோ, தெரியல. ஆனா கூப்பிட்டான். அது ஒண்ண வச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடுதேன்."

அந்த மணிமேல் கோபம் கோபமாக வந்தது. பயத்தைவிட எனக்குக் கோபம்தான் சீக்கிரம் வேலை செய்யும். அன்று மத்தியானம் முழுக்க மணி எப்போது அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் வோல்டேஜைச் சரியவிடும்போது மட்டும்தான் அடித்தது. வோல்டேஜ் விழும்போது பேனலுக்குள் இருக்கும் பெரிய காண்டாக்டர், அதாவது தானாக இழுத்துவிடும் சுவிட்ச், 'டப்' என்று விடும். ஒரு மணி. வோல்டேஜ் திரும்பியதும் 'டப்' என்று பிடிக்கும். இன்னொரு மணி. பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மணி ஒயரின் மேல் சுற்றியிருக்கும் உறைக்கம்பியை எர்த்தோடு சேர்க்கும் ஸ்க்ரூ இல்லை, அதன் துளையில் பழைய துரு படிந்திருந்தது. அது இல்லாவிட்டால் பக்கத்தில் காண்டாக்டர் அதிரும்போதெல்லாம் அந்த நீள ஒயரில் பொய்ச் சிக்னல் ஏறும். பித்தானை யாரோ அமுக்கியதாகப் பேனல் நம்பிவிடும். அதை ஏமாற்ற நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

சம்பவத்தன்று முற்பகலில் அந்த வட்டாரத்தில் வோல்டேஜ் ஒருமுறை சரிந்து திரும்பியிருந்தது. ஆராய்ச்சிக்காக எங்களிடம் ஏற்கெனவே வந்திருந்த துணைமின்நிலையப் பதிவிலேயே அது இருந்தது. நேரமும் சரியாகப் பொருந்தியது. விசாரித்தவர்கள் மணியைக் கேட்டார்கள், மனிதரைக் கேட்டார்கள், லைனைக் கேட்கத் தோன்றவில்லை. நான் அங்கிருந்தே தெற்கே போன் போட்டு, மற்றக் கோபுரங்களிலும் அந்த ஸ்க்ரூவைப் பார்க்கும்வரை ஒருத்தரையும் மேலே ஏற்றாதீர்கள் என்று கத்திவிட்டு, நயினார் அண்ணனைத் தேடிப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று சொல்லப்போகிறேன், மனுஷன் அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

முழுவதையும் கேட்டார். அழவில்லை.

"அப்ப அவன் கூப்பிடலியா?" என்றார்.

"அவன் பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த ஸ்க்ரூவ இப்பப் போட்டுராதீங்க மேடம். செங்கமலம் ஒரு தடவ கேக்கட்டும். அதுக்கப்புறம் போடுங்க," என்றார்.

கேன்டீனில் அக்கா எதிரே போய் உட்கார்ந்தேன். மண்ணூரிலிருந்து வேனில் வந்து போகிற இன்னும் இரண்டு பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள். நான் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இன்னாத்துக்கு மேடம் நான் வரணும்? அந்தாளு இன்னா சொன்னான்னுதான் ஊருக்கே தெரியுமே," என்றது அக்கா.

"அவர் சொல்றதைக் கேக்க வேணாம் அக்கா. மணியைக் கேளுங்க."

"மணியைக் கேட்டா அவரு வந்துடுவாரா?"

அக்கா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. "தினமும் எறங்குனதும் ஒரு மிஸ்டு கால் வுடுவாரு," என்றது திடீரென்று. "ஏறப்போறேன்னு சொல்லமாட்டாரு, நான் பயப்படுவேன்னு. எறங்குனா மட்டும் ரெண்டு ரிங்கு. நான் எடுக்கக் கூடாது. எடுத்தா அது பேச்சு, எடுக்காட்டா அது நல்ல சேதி, அப்படின்னு வெச்சிருந்தோம். எல்லாம் ஃப்ரீயா பேசுற காலத்துல இது இன்னா கூத்துன்னு எங்க மாமியா சிரிக்கும்." தட்டைத் தள்ளிவைத்தது. "நாளைக்கு வரேன். அவன் என்கிட்ட பேசக் கூடாது."

மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, லைனில் போடும் நீலக் கோட்டோடு வந்தது. கதவோரமாக நின்றது. நயினார் அண்ணன் தன் வழக்கமான இடத்தில், பேனலுக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சம்பவத்தன்றைய காற்றையும் வோல்டேஜ் சரிவையும் அப்படியே எடுத்து ஓட்டினேன். அந்தக் கோபுரத்துக் காற்றுமானி பிடித்துவைத்திருந்த, நாகப்பனின் கடைசிக் காலைக் காற்று. திரையில் அது வெறும் கோடுதான். ஆனாலும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏசி மட்டும் இரைந்தது.

காண்டாக்டர் அடித்தது. மணி அடித்தது. மறுபடி காண்டாக்டர். மறுபடி மணி.

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. "யாரு அடிச்சது?"

"யாரும் இல்லக்கா," என்றேன். ஸ்க்ரூவையும் ஒயரையும் காட்டி எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஒயரிங் லைனில் வேலை செய்கிறவர், எர்த் என்றால் என்னவென்று தெரியும், இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர்கள் இருவரும் பார்க்க ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கினேன். அதே காற்றைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன்.

காத்திருந்தோம். வோல்டேஜ் சரியும் இடம் வந்தது. நயினார் அண்ணனின் வலதுகை தானாக முன்னால் வந்து சாவியருகே நின்றது. காண்டாக்டர் டப் என்றது. மறுபடி டப் என்றது. மணி அடிக்கவில்லை. அவர் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. சாவி திரும்பவில்லை. திரையில் சுழல்வேகம் பூஜ்யமாகவே இருந்தது.

டெஸ்ட் முடிந்தது என்று நான் நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதம்மா," என்றது அக்கா. "ஓடட்டும்."

அந்தக் கணத்துக்கு அப்புறம் இருந்த காற்றை அதுவரை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை. கோடு மேலேறியது, தாழ்ந்தது, மதியம் நெருங்க நெருங்கச் சோர்ந்து படுத்தது. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டது. ஷிப்ட் பாதியில் விட்டு வந்தது அதற்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. நடுவில் எட்டிப்பார்த்த பகலவன் சார் ஏதோ கேட்க வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"காத்து இப்படி இருந்தா அவரு இன்னா செய்வாரு?" அக்கா திரையைப் பார்த்துத்தான் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று மூன்று பேருக்கும் தெரியும்.

நயினார் அண்ணன் தொண்டையைச் செருமினார். "மறுபக்கத்தையும் முடிச்சிருப்பான் தங்கச்சி. டூல்ஸ் பையக் கயித்துல கட்டிக் கீழ விடுவான். நான் புடிச்சுக்கிடுவேன்."

"அப்பால?"

"ஏணில எறங்குவான். பாதில ஒரு மேடை உண்டு. அதுல உக்காருவான். முட்டி வலிக்குதும்பான்."

"முட்டி வலின்னு என்கிட்ட சொன்னதே இல்லியே," என்றது அக்கா. அழுகையும் கோபமுமாக வந்தது அந்தக் குரல். "வூட்ல ஒரு நாள் சொன்னதில்ல."

"பாட்டு ஒண்ண முனகுவான். வரி தெரியாது, ராகம் மட்டும். பிறகு எந்திரிச்சு மிச்சத்த எறங்குவான்."

மறுபடி காத்திருந்தோம். காற்றுக்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நயினார் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஏணியில் ஒவ்வொரு படியாக அவருக்குக் கேட்டதோ என்னவோ, உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

"கீழ வந்துட்டான்," என்றார்.

நானும் கதவைப் பார்த்தேன். வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"அன்னிக்கு இந்நேரத்துக்கு ரிங்கு வந்துச்சு," என்றது. "பேரப் பாத்தா அவரு இல்ல. உன் நம்பரு. எடுத்துட்டேன்." மூக்கை உறிஞ்சியது. "அண்ணா, எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு."

நயினார் அண்ணன் போனை எடுத்தார். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கு அடித்தது அப்படியே இருந்தது.

அக்காவின் மடியில் போன் அதிர்ந்தது. ஒரு ரிங். இரண்டு ரிங். அக்கா இரண்டு கைகளையும் முழங்காலுக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, அதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது.